பூட்டியாச்சு

உட்லண்ட்ஸ்
25 ஜூன் 2025

சேதுபதிக்கு,

தொலைபேசியில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர். வாட்ஸ்அப்பிலும் அப்படியே. அதனால் கையால் எழுதுகிறேன். உம்முடைய மகள் ரக்ஷனாவிடமே கொடுத்து அனுப்புகிறேன், உறையை ஒட்டியிருக்கிறேன். அவள் பிரித்துப் படிக்கிற பிள்ளை இல்லை.

திங்கட்கிழமை கையுறையைக் கழற்றி என் காலடியில் எறிந்துவிட்டுப் போனீர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்கிறேன். பைபாஸ் வால்வை ஏன் திறந்துவிட்டுப் போனீர்?

முதியோர் இல்லத்துக்குச் செய்த கைப்பிடிக் கம்பிகள் முழுவதும் போயிற்று. அடுப்பிலிருந்து வெளியே வந்தபோது கொப்புளிப்பான் போட்ட பிள்ளையின் முதுகு மாதிரி இருந்தன. பூசுகிற பெயின்ட் பவுடர், புட்டு மாவில் தண்ணீர் கூடிப்போன மாதிரிக் கட்டி தட்டிவிட்டது. அர்ஃபான் பெயின்ட் துப்பாக்கியை மாற்றிப் பார்த்தான், பவுடரை மாற்றிப் பார்த்தான், அடுப்பைக் குறை சொன்னான். ஒரு வாரம் இப்படியே போன பிறகுதான் காற்று ஈரம் என்று பிடித்தோம். ட்ரையரோ பச்சை விளக்கோடு ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. கம்ப்ரசரிலிருந்து வருகிற சூடான ஈரக்காற்று ட்ரையருக்குள் போய்க் குளிர்ந்து, தண்ணீரை வடித்துவிட்டு வரவேண்டும். அது ட்ரையர் பக்கமே போகாமல் பைபாஸ் வழியாக நேரே பெயின்ட் கூடத்துக்கு வந்திருக்கிறது.

மறந்துபோய் விட்டிருந்தால் மன்னித்திருப்பேன். மறதி யாருக்கும் வரும். நீர் அந்த வால்வின் சக்கரத்துக்குச் சங்கிலி சுற்றி, பூட்டுப் போட்டு, ‘இயக்காதே’ என்ற சிவப்பு அட்டையும் தொங்கவிட்டுப் போயிருக்கிறீர். பூட்டைப் பார்த்து, மூடிப் பத்திரப்படுத்தியிருக்கிறீர் என்றுதான் நான் நினைத்தேன். உள்ளே அது முழுக்கத் திறந்திருக்கிறது. இதை என்னவென்று சொல்வது?

என் கணவர் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து நீர் இங்கே இருக்கிறீர். இவர் காலமாகிப் போன பிறகு அந்தக் கம்ப்ரசர் அறைக்குள் நான் எட்டிப் பார்த்ததும் இல்லை, அவ்வளவு நம்பிக்கை. உம்முடைய ரக்ஷனாவும் என் மகன் மிதுனனும் ஜனவரியிலேயே பதிவுத் திருமணம் செய்துவிட்டார்கள். ஆவணியில் கோயிலில் தாலி கட்டு. மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில் எனக்கு இப்படிச் செய்ய உமக்கு எப்படி மனம் வந்தது?

அன்றைக்குக் கோபத்தில் என் வாயில் ஒரு சொல் கூடக்குறைய வந்திருக்கும். பதில் எழுதும்.

மனோரஞ்சிதம்


புக்கிட் மேரா
27 ஜூன் 2025

மேடம்,

முதலில் ஒன்று. கடிதம் முழுக்க ‘நீர், நீர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் என்ன ட்ரையரிலிருந்து வடிகிற நீரா? இத்தனை வருடத்தில் ஐயா என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆங்கிலத்தில் பேசினாலும் மரியாதையாகப் பேசுவார்.

இரண்டாவது. நீங்கள் பூட்டச் சொன்னீர்கள், நான் பூட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. அன்று ட்ரையருக்குக் குளிர்வாயு நிரப்ப வந்த டெக்னீசியன், இன்று ராத்திரி முழுக்க ட்ரையர் சும்மா ஓடட்டும், காற்றை உள்ளே விடாமல் பார்ப்போம் என்றான். அந்த நேரத்தில்தான் உங்கள் குரல் செய்தி வந்தது. சரி, மேடமும் அதையேதான் சொல்கிறார் என்று, பைபாஸ் திறந்திருந்தபடியே பூட்டினேன். சாவியை உங்கள் மேசை இழுப்பறையில் வைத்தேன். ‘பூட்டியாச்சு’ என்று பதிலும் போட்டேன். நீங்கள் கட்டைவிரல் காட்டினீர்கள். மறுநாளிலிருந்து எனக்கு லீவு, மகளுக்குப் புடவை எடுக்கத் தேக்காவில் கடைகடையாக ஏறிக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கே சோதனையில் இருக்கிற ட்ரையரை வைத்துக்கொண்டு பெயின்ட் அடிப்பீர்கள் என்று நான் கனவா கண்டேன்?

பச்சை விளக்கு, பச்சை விளக்கு என்கிறீர்கள். பச்சை எரிந்தால் ட்ரையர் உடம்பு சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். காற்று அதன் வழியாகப் போகிறது என்று அர்த்தமில்லை. சிங்கப்பூர் வெயிலுக்கும் மழைக்கும் அந்த வடிகுழாயில் தண்ணீர் வாளி வாளியாகக் கொட்டவேண்டும். ஒரு வாரமாக ஒரு சொட்டு வரவில்லை, அதை ஒருவரும் பார்க்கவில்லை. சுற்றுகிற சக்கர வால்வு வேண்டாம், அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று வெளியே தெரியாது, கைப்பிடி வால்வு மாற்றலாம் என்று நான் எத்தனை முறை கேட்டேன்? இருக்கிறது நன்றாகத்தானே இருக்கிறது என்றீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ‘ஒரு சொல் கூடக்குறைய’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு சொல் இல்லை. அர்ஃபான் நிற்கிறான், பெயின்ட் கூடத்து ஆட்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் என்னைப் பார்த்து, "எங்கட ஆக்கள் அப்பவே சொன்னவை, இந்த இடத்தில பெண் எடுக்காதே எண்டு" என்றீர்கள். வால்வுக்கும் என் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த இடம் என்றால் எந்த இடம்? என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். உங்கள் தாத்தா அந்த மூட்டைகளைக் குறித்து எழுதுகிற கிராணி. மூட்டை வந்ததால்தான் அவருக்குப் பேனா பிடிக்க வேலை இருந்தது. இதை நான் இதுவரை சொல்லிக்காட்டியதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை.

நீங்கள் சொன்னது ரக்ஷனாவுக்குத் தெரியாது. மிதுனனுக்கும் தெரியாது. தெரிந்தால் அவள் உங்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டாள், எனக்கு என் மகளைத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் நீங்கள் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஆவணியும் இல்லை, தாலியும் இல்லை.

சேதுபதி


உட்லண்ட்ஸ்
29 ஜூன் 2025

சேதுபதிக்கு,

‘நீர்’ என்பது எங்கள் வீட்டில் மரியாதைச் சொல். என் தகப்பனார் என் தாயாரை அப்படித்தான் கூப்பிட்டார். பிடிக்கவில்லையென்றால் ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். உங்களுக்கு எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும்.

பூட்டச் சொன்னேன் என்கிறீர்கள். ஓம், பூட்டத்தான் சொன்னேன். நீங்கள் பூட்டவில்லையே, அதுதானே என் வழக்கு. பூட்டச் சொன்ன வால்வைத் திறந்துவைத்துவிட்டு, ‘பூட்டியாச்சு’ என்று எனக்குப் பச்சைப் பொய் அனுப்பியிருக்கிறீர்கள். அந்தச் செய்தி இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. நீங்கள் வந்து பாருங்கள்.

ராத்திரி சும்மா ஓடவேண்டும் என்று டெக்னீசியன் சொன்னதை எனக்கு யார் சொன்னது? நீங்கள் சொல்லவில்லை. ஒரு வரி எழுத உங்களுக்கு விரல் வலித்ததா?

தாலி இல்லை என்று எழுத நீங்கள் யார்? அந்தப் பிள்ளைகள் சட்டப்படி புருஷன் பெண்சாதி. வீட்டுக்குப் பதிந்து சாவிக்குக் காத்திருக்கிறார்கள். உங்கள் வீறாப்புக்காக என் மகன் கோயிலில் நிற்காமல் போகவேண்டுமா? நான் ஒரு பிழையும் செய்யாமல், என் தொழிற்சாலையில், என் ஆட்கள் முன்னால் கைகட்டி நிற்கவேண்டுமா? அது நடக்காது.

மனோரஞ்சிதம்


புக்கிட் மேரா
2 ஜூலை 2025

மேடம்,

பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மனைவி கடிதத்தை வாங்கி வைத்துவிட்டாள், நேற்று முழுக்கத் தரவில்லை.

உங்கள் குரல் செய்தியை மறுபடி போட்டுக் கேட்டேன். அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து மாற்றவில்லை. "சேதுபதி, பைபாஸைப் பூட்டிப்போட்டுப் போங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்." இதுதான். பூட்டிப்போட்டுப் போகச் சொன்னீர்கள். பூட்டைப் போட்டுவிட்டுப் போனேன். மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். நீங்கள் பார்த்த இலட்சணம்தான் முதியோர் இல்லத்துக் கம்பியில் தெரிகிறதே.

இந்தக் காதால் கேட்டு, இந்தக் கையால் செய்ததைப் பொய் என்கிறவரோடு எனக்கு என்ன பேச்சு? கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருந்தேன். நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். ரக்ஷனா ஏன் என்று கேட்டாள். காகிதம் சரியில்லை என்றேன். என் பெண்ணிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதுவும் உங்களால்.

சேதுபதி


உட்லண்ட்ஸ்
6 ஜூலை 2025

சேதுபதிக்கு,

நேற்று ரக்ஷனா இங்கே சாப்பிட வந்தாள். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வீணாக ஓடியது. "பிள்ளை, பைப்பைப் பூட்டு" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஆண்ட்டி, பைப்புக்கெல்லாமா பூட்டுப் போடுவீங்க? மூடுன்னு சொல்லுங்க லா" என்றாள். ஒவ்வொரு முறையும் இதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாளாம். முதல் நாள் உண்மையாகவே சாவி தேடினாளாம்.

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பைப்பைப் பூட்டுவோம், யன்னலைப் பூட்டுவோம், கடையைப் பூட்டுவோம். பூட்டு என்றால் மூடு. பூட்டிப்போட்டு என்றால் மூடிவிட்டு. திறப்பும், அதாவது உங்கள் சாவியும், சங்கிலியும் அதில் வராது. இவர் உங்களோடு எப்போதும் ஆங்கிலத்தில் கதைத்தார், நானும் அப்படியே. பிள்ளைகளுக்குப் பதிவு முடிந்த பிறகு, இனி சேதுபதி எங்கள் சம்பந்தி, வேற்று ஆள் மாதிரி ஆங்கிலத்தில் கதைப்பது வடிவில்லை என்று நான்தான் தமிழுக்கு மாறினேன். உங்களைச் சொந்தமாக நினைத்ததால் வந்த வினை இது. ஆங்கிலத்தில் ‘க்ளோஸ்’ என்று சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திராது.

பொய் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் என் தமிழ் பிழை என்று மட்டும் சொல்லாதீர்கள். அது என் தாயின் தமிழ். வால்வு என்றால் மூடுவதும் திறப்பதும்தானே, அதற்கு யாராவது பூட்டுப் போடுவார்களா என்று நீங்களும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம்.

பத்திரிகையை அச்சுக்குக் கொடுங்கள். விஷயம் தீர்ந்தது.

மனோரஞ்சிதம்


புக்கிட் மேரா
8 ஜூலை 2025

மேடம்,

யாராவது வால்வுக்குப் பூட்டுப் போடுவார்களா என்று கேட்கிறீர்கள். பழுது பார்க்கிற இடத்தில் பூட்டுப் போடாமல் ஒரு ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது சட்டம். என் இடுப்பில் எப்போதும் ஒரு பூட்டு தொங்கும், இத்தனை வருடம் நீங்கள் பார்த்ததில்லையா? என் வேலையில் பூட்டு என்றால் பூட்டுத்தான்.

சரி, போகட்டும். உங்கள் தமிழும் பிழையில்லை, என் தமிழும் பிழையில்லை. ராத்திரி சோதனை பற்றி ஒரு வரி எழுதாமல் போனது என் தப்பு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். வால்வு விஷயம் தீர்ந்தது.

வாய் விஷயம் தீரவில்லை. அது எந்தத் தமிழில் சொன்னாலும் எனக்கு ஒரே அர்த்தம்தான். பூட்டு புரியவில்லை, ஆனால் ‘இந்த இடத்தில பெண் எடுக்காதே’ நன்றாகப் புரிந்தது. நீங்கள் கடிதத்தில் பொய்யைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். அதைத் தொடவே இல்லை, நைசாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். உங்கள் ஆட்கள் அப்போதே சொன்னார்கள் என்றால், ரக்ஷனா உங்கள் வீட்டில் மீன் கழுவும்போதெல்லாம் உங்கள் மனசுக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்? அந்த வீட்டில் நான் என் பெண்ணை எப்படி விடுவேன்? வால்வுக்கு வந்தது நாளைக்கு உப்புக்கும் உறைப்புக்கும் வராதா?

பத்திரிகை அச்சுக்குப் போகாது.

சேதுபதி


உட்லண்ட்ஸ்
11 ஜூலை 2025

சேதுபதிக்கு,

எனக்குப் பாடம் எடுக்கிறீர்களே, அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது ஞாபகம் இருக்கிறதா? கையுறையை எறிந்துவிட்டு, "ஐயா உக்காந்த நாற்காலியில இப்ப வெறும் வாய்தான் உக்காந்திருக்கு" என்றீர்கள். அதையும் அதே ஆட்கள்தான் கேட்டார்கள். இவர் போன மறுமாதம் நான் அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. ஒருவருக்கும் காட்டாமல் இருந்து பழகினேன். நீங்கள் ஒரே வாக்கியத்தில் அதை இழுத்துவிட்டீர்கள். எனக்கு யார் வந்து அந்த வார்த்தையைத் திரும்ப எடுப்பது?

ஓம், எங்கள் ஆட்கள் சொன்னார்கள். நான் அவர்கள் பேச்சைக் கேட்காமல்தான் உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டுத் தட்டம் எடுத்துக்கொண்டு வந்தேன். அதை ஏன் நீங்கள் நினைக்கவில்லை?

பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலச் சொன்னதைச் சொல்லி நிற்க என்னால் முடியாது.

இன்னொன்று. ட்ரையர் நேற்று மத்தியானம் தானாக நின்றது. சிவப்பு விளக்கு. அர்ஃபான் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டான், மறுபடி போட்டான், உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. புதிய கம்பிகள் பூசவேண்டும். இதற்காக நீங்கள் வரவேண்டாம்.

மனோரஞ்சிதம்


புக்கிட் மேரா
12 ஜூலை 2025

மேடம்,

அவனை அந்தச் சுவிட்சை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நின்ற ட்ரையரை உடனே ஓடவிட்டால் உள்ளே இருக்கிற அழுத்தம் சமமாகாமல் மோட்டார் திணறும். இரண்டு தடவை தாங்கும், மூன்றாவது தடவை கருகிவிடும். நிறுத்தினால் சில நிமிடம் சும்மா விடவேண்டும். உங்கள் தொழிற்சாலையில் ஒருவருக்கும் அந்தச் சில நிமிடம் கிடையாது.

சிவப்பு வந்ததற்குக் காரணம் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர். காற்று இழுக்கிற தகட்டில் பவுடர் தூசி அடைத்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, உள்ளிருந்து வெளியே ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பூட்டு என்றால் பூட்டு. பிறகு ட்ரையரை முதலில் ஓடவிட்டு, நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் காற்றைத் திறக்கவேண்டும். வடிகுழாயில் தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

நாற்காலியைப் பற்றி நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சேதுபதி


புக்கிட் மேரா
20 ஜூலை 2025

சம்பந்தியம்மாவுக்கு,

வியாழக்கிழமை நடந்ததை அர்ஃபான் வந்து சொன்னான். கம்ப்ரசர் சத்தத்தில் ஒருவருக்கும் காது கேட்காது என்று, அதை நிறுத்தச் சொல்லி, பெயின்ட் கூடத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டீர்களாம். அவர்கள் ஆள் குறைப்பு என்று பயந்துவிட்டார்களாம். நீங்கள் சொன்னதை அவன் உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினான். "சேதுபதி பிழை விடேல்லை. நான் சொன்னது அவருக்கு வேற மாதிரி விளங்கினது. அவற்ற குடும்பத்தைப் பற்றி நான் கதைச்சது பெரிய பிழை. அந்தப் பிள்ளை என்ர வீட்டுக்கு வாறது என்ர அதிர்ஷ்டம்." நான் இல்லாத இடத்தில் இதைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குத் தகவல்கூட அனுப்பவில்லை. அவனை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஆனால் யாரைக் கேட்டுக் கம்ப்ரசரை நிறுத்தினீர்கள்? பேசி முடித்ததும் அப்படியே எல்லாச் சுவிட்சையும் ஒன்றாகத் தட்டிவிட்டீர்களாம். ட்ரையர் குளிர்வதற்குள் காற்றைத் திறந்தால் மறுபடி ஈரம்தானே போகும்? போன கடிதத்தில் தலைதலையாக அடித்துக்கொண்டு எழுதினேனே. மன்னிப்புக் கேட்கிற அவசரத்தில் இன்னொரு லாட் கம்பியைக் கெடுக்கப் பார்த்தீர்கள். நல்லவேளை, அர்ஃபான் ஓடிப்போய் வால்வைப் பிடித்தான்.

ரக்ஷனாவிடமும் நீங்களே போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். அன்று சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல். வீட்டுக்கு வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு நாள் முழுக்கத் திறக்கவில்லை. சரி, எல்லாம் முடிந்தது என்று நானும் அவள் அம்மாவும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்தாள், வந்து என்மேல் பாய்ந்தாள். "சொன்னவங்களே வந்து சொல்லிட்டாங்க லா. நீங்க என் அப்பா, நீங்க ஏன் மறைச்சீங்க? காகிதம் சரியில்லையா?" என்றாள். உங்கள்மேலும் கோபம்தான், அது தீர நாளாகும் என்றாள். ஆனால் மூஞ்சிக்கு நேரே சொல்கிற மாமியாரோடு சண்டை போட்டாவது வாழலாமாம், மறைக்கிற அப்பாவோடுதான் முடியாதாம். நான் வளர்த்த பெண் இப்படிப் பேசுகிறது. பத்திரிகையை அவளே கையில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய்விட்டாள்.

நாற்காலியைப் பற்றி நான் சொன்னது அசிங்கமான பேச்சு. அதைக் கடிதத்தில் தீர்த்துக்கொள்ள மாட்டேன். நாளைக் காலை வேலைக்கு வருகிறேன், ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது அதே இடத்தில் நின்று சொல்கிறேன். கம்ப்ரசரை நிறுத்தவேண்டாம், நான் கத்தியே சொல்லிக்கொள்கிறேன்.

இன்று ஞாயிறு, யாரும் இல்லாத நேரத்தில் அர்ஃபானைக் கூட்டிக்கொண்டு வந்துபோனேன். ஜாலான் புசாரில் வாங்கிய கைப்பிடி வால்வைப் பைபாஸில் மாட்டியாகிவிட்டது, உங்களைக் கேட்கவில்லை, கேட்டால் இருக்கிறது நன்றாகத்தானே இருக்கிறது என்பீர்கள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். ட்ரையரை ஓடவிட்டு, குளிரவிட்டு, காற்றைத் திறந்தேன். வடிகுழாயில் தண்ணீர் கொட்டுகிறது, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பைபாஸை மூடி, அதன்மேல் பூட்டும் போட்டிருக்கிறேன். சாவி உங்கள் இழுப்பறையில் இருக்கிறது. உங்கள் தமிழிலும் பூட்டியாச்சு, என் தமிழிலும் பூட்டியாச்சு.

சேதுபதி